ஒன்று விட்டு ஒன்றாய் வந்த எதிரொலி

என் மகள் தன் ஸ்டீல் கிட்டாருக்கு ஓர் எதிரொலிப் பெட்டி தேடி அலைந்த அதே நாள்களில் அவளுடைய இடது காது போய்க்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்குமே அது தெரியவில்லை. நாங்கள் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டோம். கடைக்காரரைச் சந்தேகப்பட்டோம், கம்பியைச் சந்தேகப்பட்டோம். இப்போது எல்லாம் ஓரளவு அடங்கிவிட்டது. ஆனாலும் இதை எழுதும்போது நடுவில் எழுந்து போய், பக்கத்து அறையில் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப உட்காருகிறேன்.

நான் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சாலை விபத்து அறிக்கைகளைப் படித்து, படங்களைப் பார்த்து, இழப்பீட்டுக்குக் குறிப்பு எழுதுகிற வேலை. அதனால் பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகள் வெளியே போனால் மழை பெய்த கூட்டரசு நெடுஞ்சாலை, பின்னால் நெருக்கி வரும் லோரி, பாதையோரத்தில் நிற்கும் மோட்டார் எல்லாம் என் கண்முன் வந்துவிடும். காதைப் பற்றி நான் ஒரு நாளும் பயந்ததில்லை.

அவள் வாசிப்பது பெடல் ஸ்டீல் கிட்டார். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அதை மடியில் வைத்து வாசிப்பதில்லை; மேசைபோல நான்கு கால்களில் நிற்கும். பத்துக் கம்பிகள். இடது கையில் ஓர் உருளை இரும்பைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கவிட வேண்டும். வலது கை மீட்டும். கீழே மிதிகளும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் கம்பிகளை இழுத்துச் சுருதியை மாற்றும். "தையல் மெஷினும் வீணையும் கல்யாணம் பண்ணிக்கிட்டாப் பொறக்கிற புள்ள" என்று என் கணவர் கிண்டல் செய்வார். வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் பெட்டாலிங் ஜெயாவில் கழித்துவிட்ட வாத்தியம் அது. அவள் காணொளிகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். சுரத்திலிருந்து சுரத்துக்கு அது குதிக்காது, வழுக்கிப் போகும். பழைய பாட்டுகளை அதில் வாசித்தால் யாரோ வாய் திறக்காமல் பாடுவதுபோல இருக்கும்.

கிள்ளானில் கல்யாண டின்னர்களுக்கு வாசிக்கும் ஒரு குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மேல் பின்வரிசையில் இருந்தாள். பிறகுதான் குழுத் தலைவர் அவளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது, விளக்குகளைக் குறைத்துவிட்டு, அவள் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். அவள் வாசித்து முடித்ததும் அவர் தலையைச் சொறிந்தார்.

"கை நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. சத்தம்தான் மொட்டையா இருக்கு. வெறும் சோறு மட்டும் வெச்ச வாழையிலை மாதிரி. ஒரு ரிவர்ப், ஒரு டிலே வாங்கிப் போடு லா."

ரிவர்ப் என்பது சத்தத்துக்கு ஓர் அறை கட்டிக் கொடுப்பது. சிறிய அறையா, பெரிய கோயில் மண்டபமா என்று பெட்டியில் திருகி வைத்துக்கொள்ளலாம். டிலே என்பது வாசித்ததைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்வது, கிணற்றுக்குள் கூப்பிட்டால் பதில் வருவதுபோல. சாதாரண கிட்டாருக்கு எதைப் போட்டாலும் ஒத்துப்போகும். ஸ்டீல் கிட்டாருக்கு அப்படியில்லை என்று மகள் காரில் வரும்போது விளக்கினாள். சுரம் வழுக்கிப் போவதால், பின்னால் வரும் வால் நீளமாக இருந்தால் பழைய சுரமும் புதிய சுரமும் முட்டிக்கொள்ளும், வாசித்தது சேறாகிவிடும். ஆகவே காதை நம்பித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அந்தக் கடை. கீழே ஒரு பூக்கடையும் ஒரு கிளினிக்கும். மோனோரெயில் போகும்போதெல்லாம் மாடிச் சன்னல் கண்ணாடி அதிரும். வாத்தியத்தை அதன் உறைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம். கனமான முனை என் பக்கம். கடைக்காரர் முப்பது வயதுக்காரர், முடியைக் கட்டியிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஆன்டி, பொணத்தையா தூக்கிட்டு வர்றீங்க?" என்றார். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். பின்னால் எங்களுக்கு உதவியவர் அவர்தான்.

பக்கத்து அறையில் தபலா வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் ஹெட்போனில் கேட்கச் சொன்னார். முதலில் ஒரு ரிவர்ப் பெட்டி. மகள் ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் கையை எடுத்தாள். காத்திருந்தாள். புருவம் சுருங்கியது.

"வால் நிக்க மாட்டேங்குது அண்ணே."

அவர் ஒரு குமிழைக் குறைத்தார். "இப்போ?"

"இன்னும் இருக்கு. கொசு மாதிரி, ரொம்ப மெல்லிசா."

அவர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். "சுத்தமா நின்னுருச்சே தங்கச்சி. ஒன்னும் இல்ல இதுல."

"இருக்கு அண்ணே. சன்னமா ஒரு கோடு மாதிரி."

இன்னொரு பெட்டி எடுத்துப் போட்டார். அதிலும் வால் நிற்கவில்லை என்றாள். அடுத்ததிலும் அப்படித்தான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்குப் பாம்புக் காது ஆன்டி. எனக்குக் கேக்காததெல்லாம் கேக்குது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கடையிலேயே வாழ்கிறவருக்குக் கேட்காத ஒன்று என் மகளுக்குக் கேட்கிறது என்று வீட்டுக்குப் போய்க் கணவரிடமும் சொன்னேன். அவள் கேட்டது எந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. இடது காது தானாகவே எழுப்பிய ஓசை அது. 

கடைசியில் ரிவர்பும் டிலேயும் சேர்ந்த ஒரு பெட்டியை, "வால் இதுல கொஞ்சம் பரவால்ல" என்று எடுத்துக்கொண்டாள். "வீட்டுல வெச்சு வாசிச்சுப் பாருங்க. ஒத்துவரலன்னா மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர்.

கடைக்குப் போவதற்கு முன்பிருந்தே, அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சளி பிடித்திருந்தது. "காது அடைச்ச மாதிரி இருக்குமா" என்று ஒரு தடவை சொன்னாள். வெந்நீரில் தைலம் போட்டு, போர்வையை மூடி ஆவி பிடிக்க வைத்தேன். சளிக்கு எல்லா வீடுகளிலும் செய்வதுதான். மறுபடி அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. டின்னர் நெருங்குகிறது, அம்மாவுக்குச் சொன்னால் உடனே போகாதே என்பாள் என்று நினைத்திருக்கிறாள். என்னைத் தெரிந்தவள்தானே.

அறிகுறிகள் இருந்தன. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கூடத்தில் தவறான பக்கம் திரும்பிப் பார்த்தாள். கைப்பேசியை எப்போதும் இடது காதில் வைத்துத் தோளால் இடுக்கிக்கொள்கிறவள், வலது பக்கம் மாற்றியிருந்தாள். ஆனால் நானும் அவளும் அதிகம் பேசுவது காரில்தான். காரில் நான் வலப்பக்கம் ஓட்டுவேன், அவள் என் இடப்பக்கம் உட்காருவாள். அவளுடைய வலது காதுதான் என்னைப் பார்த்து இருக்கும். வீடு இருக்கும் பண்டமாரானிலிருந்து கோலாலம்பூர் வரை ஜாமில் நின்று நின்று போகும்போது நான் முணுமுணுத்ததற்குக்கூடப் பதில் சொன்னாள். எனக்கு எப்படித் தோன்றும்?

பெட்டியில் ஒரு வித்தை இருந்தது. டிலேயை ஒரு நிலையில் வைத்தால் பதில்கள் மேசைப்பந்து மாதிரி இடம், வலம், இடம், வலம் என்று தாவிப் போகும். மண்டபத்தில் இரு பக்கமும் ஒலிபெருக்கி வைத்திருப்பதால் அதுதான் எடுப்பாக இருக்கும் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார். மகள் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைத் திருகிப் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போனது.

"இந்த பாக்ஸ் ரோசாக் மா, கெட்டுப்போச்சு. முதல் பதில் வரல. ரெண்டாவது வருது. மூணாவது இல்ல, நாலாவது வருது. ஒன்னு விட்டு ஒன்னு முழுங்குது."

நான் மாட்டிக் கேட்டேன். எல்லாம் வந்தன. இடம், வலம், இடம், வலம். "சரியாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு எதைப் போட்டாலும் சரியாத்தான் இருக்கும்."

"வாயைக் குறை. நானும் காது வெச்சிருக்கேன்."

"வெச்சிருக்கீங்க. யூஸ் பண்ணத் தெரியணுமே."

கணவர் துறைமுகத்திலிருந்து களைத்து வந்தவர், அவரும் மாட்டிக் கேட்டார். "டொய்ங் டொய்ங்னு வருது. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்றார். மகள் ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். பெட்டியின் இணைப்புக் கம்பியை மாற்றினாள், வேறு ஹெட்போன் இரவல் வாங்கினாள். எல்லாவற்றிலும் ஒன்று விட்டு ஒன்றுதான் வந்தது. டின்னருக்கு முந்திய நாள், நான் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, அவளையும் வாத்தியத்தையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மறுபடி பிரிக்பீல்ட்ஸ் போனேன். கடைக்காரரிடம் என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஓட்டை உடைசலைத் தலையில் கட்டினீர்களா, பொம்பளைகள் தானே என்று நினைத்தீர்களா?

கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. அன்று தபலா வகுப்பு இல்லாததால் ஒலிபெருக்கியில் போட்டார். மகள் வாசித்தாள். முகம் மலர்ந்தது. "எல்லாம் வருதே!"

"அப்போ உங்க வீட்டு ஹெட்போன் ரோசாக்" என்று சிரித்துவிட்டு, கடை ஹெட்போனை எடுத்து நீட்டினார். மாட்டினாள். மலர்ந்த முகம் உடனே வாடியது.

"இல்ல. மறுபடி முழுங்குது."

அவர் வாங்கிக் கேட்டார். "நல்லாதானே வருது?" மேலே பார்த்தார். "இந்த மாடில பேய் இருக்குன்னு ஓனர் சொல்லுவாரு. பதிலை அதுதான் தின்னுது போல."

ஹெட்போன் அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. நானும் ஒரு தடவை கேட்டேன். எனக்கும் நன்றாகவே வந்தது. அலுப்போடு கழற்றி மகளின் தலையில் நானே மாட்டிவிட்டேன். அவசரத்தில் இடம் வலம் பார்க்கவில்லை. மாற்றி மாட்டிவிட்டேன்.

அவள் கம்பியை ஒரு தடவை மீட்டினாள்.

"ஆ! இப்போ முதல் பதில் வந்துருச்சு! என்ன பண்ணீங்கமா?" என்றாள். பிறகு, "இருங்க... ரெண்டாவது காணோமே. மூணாவது வருது."

நான் ஹெட்போனைப் பார்த்தேன். இடது என்று குறித்த பக்கம் அவளுடைய வலது காதில் இருந்தது.  கழற்றி, திருப்பி, சரியாக மாட்டினேன். "வாசி" என்றேன்.

"மறுபடி முதல் பதில் போயிருச்சு."

கடைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெட்டி மாறவில்லை, ஹெட்போன் மாறவில்லை. எந்தப் பக்கம் மாட்டினாலும் அவளுடைய இடது காதுக்குப் போனது எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஹெட்போனை எடுத்துவிட்டு அவளுக்குப் பின்னால் நின்றேன். வலது காதருகில் விரல்களை உரசினேன். "என்னமா?" என்று திரும்பினாள். நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, இடது காதருகில் உரசினேன். இன்னும் பலமாக உரசினேன். நகம் நகத்தோடு மோதுகிற அளவுக்கு. அவள் எதிர்ச் சுவரில் தொங்கிய கிட்டார்களைப் பார்த்துக்கொண்டே, "எதுக்குமா அங்க சும்மா நிக்கிறீங்க?" என்றாள்.

மோனோரெயில் போனது. கண்ணாடி அதிர்ந்தது. 

கடைக்காரர்தான் முதலில் பேசினார். "பாக்ஸ், கிட்டார் எல்லாம் இங்கயே கெடக்கட்டும் ஆன்டி. நான் பாத்துக்கறேன். கீழ கிளினிக் தொறந்துதான் இருக்கு. போங்க."

கிளினிக் மருத்துவர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை. பிறகு ஓர் இசைக்கவையைத் தட்டி, அது ரீங்கரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய நெற்றியின் நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது."

மறுபடி வைத்தார். மறுபடியும் வலது. அவர் முகத்தில் இருந்த சாதாரணம் போய்விட்டது. சளி அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் கூடுதலாகக் கேட்கும் என்றார். இது நரம்பு. "எப்பத்திலேருந்து?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்க்காமல், "சளி வந்ததுலேருந்து. முதல் தடவை பாக்ஸ் பாக்க வந்தோமே, அதுக்கு முன்னாடியே" என்றாள். மருத்துவர் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். "நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க. இன்னிக்கே காது நிபுணர்கிட்ட போங்க. நரம்புக்கு நேரம்தான் மருந்து."

எத்தனையோ விபத்து அறிக்கைகளில் தாமதம் என்ற சொல்லை எழுதியிருக்கிறேன். அதற்குப் பொருள் அன்றுதான் தெரிந்தது.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் கார்கள் அசையவில்லை. அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு டின்னர் இருக்கு" என்றாள்.

"தெரியும்."

"ஒரே நாள்தானே மா. முடிச்சிட்டுப் போலாம். ஒன்னும் வலிக்கல."

"வலிச்சிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமே."

"நான் ஒருத்தி வாசிக்கிற எடம் மா அது. குரூப் அண்ணன் இன்னொரு தடவை குடுக்க மாட்டாரு."

"இன்னொரு காது யாரு குடுப்பா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதும் அவளுடைய வலது காதுதான் என் பக்கம் இருந்தது. நான் அழுதால் அவளுக்கு நன்றாகக் கேட்கும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

மருத்துவமனையில் சத்தம் புகாத ஒரு சிறிய அறை. கண்ணாடிக்கு உள்ளே அவள், தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ஓசை கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதுக்கு அவளுடைய கட்டைவிரல் விடாமல் அழுத்தியது. இடது காதுக்கு மாறியதும் விரல் நின்றுவிட்டது. கருவியை இயக்கிய பெண் குமிழைத் திருகிக்கொண்டே போனார். விரல் அசையவில்லை. நான் அந்த விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு உள்ளே அவள் பொறுமையாக, ஏதோ தொடங்கப்போகிறது என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

நிபுணர் ஒரு மலாய்ப் பெண்மணி. மலாயில் நிதானமாகப் பேசினார். காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை, ஒரு கிருமி நரம்பைத் தொட்டிருக்கலாம் என்றார். மாத்திரை, போதாவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி. முழுதாகத் திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இன்னும் முன்பே வந்திருந்தால் நல்லது. இப்போதும் வழி மூடிவிடவில்லை. உரத்த சத்தம் கூடவே கூடாது. மகள் டின்னரைப் பற்றிக் கேட்டாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்து, "வேண்டாம், டிக்" என்றார். சின்னவர்களைப் பாசமாகக் கூப்பிடும் சொல் அது.

வெளி நாற்காலியில் உட்கார்ந்து மகள் குழுத் தலைவரைக் கூப்பிட்டாள். கைப்பேசி தானாகவே இடது காதுக்குப் போனது. ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு வலது பக்கம் மாற்றிக்கொண்டு, "அண்ணே, நாளைக்கு என்னால வர முடியாது" என்றாள்.

மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வந்தபோது கீபோர்டு வாசித்தார்களாம்.

மாத்திரைகள் அவளுடைய முகத்தை ஊத வைத்தன, தூக்கத்தைக் கெடுத்தன. ஊசி போடும்போது பக்கவாட்டில் படுத்து, மருந்து உள்ளே ஊற அசையாமல் இருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். கடைக்காரர் வாத்தியத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். "பேய் மேல பழி போட்டேன், மன்னிச்சுக்க தங்கச்சி" என்றார். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் வாயெடுத்தேன். "இருக்கட்டும்" என்றாள் மகள்.

நிபுணரிடம் கேட்டுவிட்டு, மிகக் குறைந்த ஒலியில், தினமும் சாயங்காலம் ஒரு சுரம் மீட்டிவிட்டு ஹெட்போனோடு உட்காருவாள். கண்ணை மூடிக்கொள்வாள். பதில் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலைத் தூக்குவாள். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். எனக்கு எதுவும் கேட்காது. அவளுடைய விரல்தான் எனக்குச் சத்தம். விரல் தூங்கும், எழும், தூங்கும், எழும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் நான் மூச்சு விடுவதில்லை. கணவர் உள்ளே வந்தால் கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

ஒரு சாயங்காலம், எழக்கூடாத இடத்தில் விரல் துடித்தது. கண்ணைத் திறந்தாள்.

"வந்துச்சு" என்றாள். "தண்ணிக்குள்ளேருந்து கூப்புடுற மாதிரி. ஆனா வந்துச்சு."

தாழ்ந்த சுரங்கள்தான் திரும்பி வந்திருக்கின்றன. மேல் கம்பிகள் இடப்பக்கம் இன்னும் வெறும் காற்றாகவே கேட்கின்றன என்கிறாள். இதற்கு மேல் வருமா என்று கேட்டால் நிபுணர், காத்திருப்போம் என்கிறார். கொசு ரீங்காரம் போகவில்லை. ரிவர்பை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவள் இப்போது அந்த ரீங்காரத்தைத் தள்ளி வைத்துக் கேட்டுப் பழகுகிறாள். பெட்டியை இப்போது, பதில்கள் தாவாமல் ஒரே பக்கம் வரும் நிலையில் வைத்திருக்கிறாள். குழுத் தலைவர் கூப்பிட்டார். காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி உட்காரலாம் என்றால் ஒரு சிறிய டின்னர் இருக்கிறது என்றார். நிபுணரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குள் வேர்த்துவிட்டது.

நேற்று அவள் வாத்தியத்தின் முன் உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் போய் அவளுடைய இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் நின்றேன். தினமும் செய்கிறேன், நிறுத்த முடியவில்லை. "சாப்பிட வா" என்றேன், மெதுவாக.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். திரும்பினாள், சரியான பக்கம்.

"கூப்பிட்டீங்கன்னு தெரிஞ்சுது" என்றாள். "என்ன சொன்னீங்க?"

நான் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் மறுபடி சொன்னேன்.